அரை நிமிசப் படம்

இப்பத்தைச் சனத்துக்கு, அடுத்தவன் வாசலைப் படம் பிடிக்க முன்னம் ஒரு வார்த்தை கேட்கவேணும் எண்ட மரியாதையும் செத்துப்போச்சு. சுவரில் கட்டின வெள்ளைத் துணியில் விழுந்த படத்தில் தன்ர வீட்டைக் கண்டதும் யாகப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிமுனை வாசிகசாலையின் சாவி அவர் கையில். சனிக்கிழமைப் பின்னேரங்களில் படம் பிடிக்கப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து, அந்தக் கிழமை எடுத்ததை ஆளுக்காள் காட்டி, எப்படி எடுத்தது எண்டு அளப்பார்கள். ஏதும் களவு போகாமல் அவர் மூலைக் கதிரையில் காவல் இருப்பார்.

இண்டைக்குக் காலமையே மனம் சரியில்லை. செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் பூசைக்குப் பேர் குடுக்க நாளைதான் கடைசி. கடலுக்குப் போய் நாலு வருசமாகத் திரும்பாத மகன் டொமினிக்கின் பேரையும் எழுதுவோம், வாசிச்சு மன்றாடினால்தான் பிள்ளை அடங்குவான் எண்டு பெண்சாதி செலீனா அழுதாள். உடலைக் காணாமல் செத்தவன் எண்டு எழுத நான் என்ன விசரனோ, அவன் உசிரோடதான் இருக்கிறான் எண்டு கத்திப்போட்டு வந்திருந்தார்.

வீட்டைப் படம் எடுத்த கொன்ஸ்ரன்ரைன் மற்றவர்களுக்கு விளக்கினான். கமராவுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு அரை நிமிசம் திறந்து விட்டால், ஆடுறது ஒண்டும் படத்தில் விழாது. அலை புகையாகும், போற வாற சனம் மறையும். ஆடாமல் நிக்கிறது மட்டும் மிஞ்சும். ஒரே இடத்தில் நிண்டு நாலு பின்னேரம் எடுத்தானாம்.

முதல் படத்தில் அவர் வீட்டுக்கு அப்பால் புகையாய்க் கடல், கரையில் ஒரு நாயும் இல்லை, இடுப்பளவு தண்ணியில் மட்டும் கறுப்பாக ஒண்டு. கம்பு எண்டான் ஒருத்தன். ஐம்பது வருசம் அந்தத் தண்ணியில் வலை வளைச்ச யாகப்பருக்கு அங்கே கம்பு இல்லை எண்டு தெரியும். காற்றாடி கிறீச்சிட்டது, பழைய பேப்பர் மணத்துக்குள் எங்கேயோ இருந்து அழுகின பாசியின் நாத்தம் வந்தது.

ரெண்டாவதில் அது முழங்கால் தண்ணியில். வலது தோள் சரிஞ்சபடி. டொமினிக்கின் தோளும் அப்பிடித்தான்.

மூண்டாவதில் அவரின் வேலிக்குள்.

"ஆரைக் கொண்டுவந்து நிப்பாட்டினனீ?"

"ஒருத்தரும் இல்லை அப்பு. நான் எடுக்கேக்க கரை வெறுமை."

"கொம்பியூட்டரில ஒட்டிப்போட்டு எனக்குக் கதை விடுறாய், கள்ளப்பயல்."

நாலாவது நேற்றையது. வாசல் கதவு திறந்திருந்தது. வாசலில் செலீனா. பக்கத்தில் அது, அவளின் கையைப் பிடிச்சபடி. முகத்தை மீன் தின்றிருந்தது.

முசலியில் இருந்து வாற ஹிதாயாதான் மெல்லச் சொன்னாள்.

"உங்கட மனிசி அரை நிமிசமும் இம்மி ஆடேல்லை அப்பு. அதுதான் இவ்வளவு தெளிவு."

செலீனாவுக்குத் தலையும் கையும் ஆடுற வருத்தம். ஏழு வருசம். முழிச்சிருக்கிற நேரம் ஒரு கணமும் நிக்காது. தேத்தண்ணியை அவர்தான் பிடிச்சுப் பருக்கிறவர்.

கதிரையை உதைச்சுத் தள்ளினார். எல்லாரையும் வெளியில் போகச் சொல்லிக் கத்தினார். பூட்டாமலே நடந்தார்.

வெயில் இன்னும் இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

செலீனா நிண்டாள். தலை ஆடவில்லை. கை ஆடவில்லை. இடது கை பக்கத்தில் எதையோ பிடிச்சிருந்தது. அங்கே ஒண்டும் இல்லை. விரல் இடுக்கால் தண்ணி ஒழுகியது. முற்றத்து மணலில் ஈரக் கால் தடம். வந்தது மட்டும்.

"நீங்கள் சொன்னதுதான் சரி," எண்டாள். வாய் அசையவில்லை. "பிள்ளை சாகேல்லை. உள்ளுக்க வாங்கோ."

தன்னைப் பேர் குடுக்கவைக்கப் பொடியள் செய்த வேலை எண்டு நினைச்சார். இவளையும் கூட்டுச் சேர்த்துப்போட்டாங்கள்.

"பேர் குடுக்கமாட்டன்," எண்டார் யாகப்பர். "ஆர் வந்து நிண்டாலும் குடுக்கமாட்டன்."

வந்த வழியே திரும்பி, காறித் துப்பிப்போட்டு, ரோட்டை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால், அந்த வாசலில், ஒண்டும் ஆடவில்லை.