மலிவு நேரம்

அருள்ஜோதியின் பின்னலில் ரிப்பன் வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது.

மாலை ஆறேமுக்காலுக்குப் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பிள்ளை, சப்பாத்தைக் கழற்ற வாசலில் குனிந்தபோதுதான் பிரிஜட் அதைக் கண்டாள். அவள் கட்டினால் இரண்டு காதும் நீட்டிக்கொண்டு பூப்போல நிற்கும், மத்தியானமே அவிழ்ந்தும் போகும். இதுவோ நுனி இரண்டையும் உள்ளே செருகி, சப்பையாக, அழுத்தமாக, பள்ளிக்கூடத்தில் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் அசையாமல் இருந்தது.

"யாரு தலை பின்னிவிட்டா?"

"நீங்கதான்," என்றாள் ஏழு வயது மகள். அம்மா விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து ஒரு சிரிப்பும் சிரித்தாள்.

அன்றைக்கு பிரிஜட் தலை பின்னவில்லை. பதினொரு மணிக்கு அடிக்க வேண்டிய அலாரம் அடிக்கவில்லையோ, அடித்தும் இவள் காதில் விழவில்லையோ, கண் விழித்தபோது மணி மூன்று. பஸ் பன்னிரண்டேகாலுக்கே வந்து போயிருக்கும். அடித்துப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினால் பிள்ளையும் இல்லை, பையும் இல்லை. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்து வீட்டு பதுருன்னிசாவிடம் போய்க் கேட்டாள்.

"என்ன பிரிஜட், தூக்கத்துல நடக்குறியா? நீதானே காரிடார்ல நின்னு பஸ்ஸுக்குக் கை காட்டுனே. பசியாறியாச்சான்னு கேட்டேன், தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டே லா."

தூக்கக் கலக்கத்தில் நாமே எழுந்து எல்லாம் செய்துவிட்டு மறந்துபோனோம் என்று பிரிஜட் மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்த முடிச்சைப் பார்க்கும் வரைக்கும் அது தேறியும் இருந்தது.

புக்கிட் பாஞ்சாங்கில் புதுசாய் எழும்பிய அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடி அவள் வீடு. 1986-ம் வருஷம், மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு சோதனைத் திட்டம் என்று சொல்லி அந்த பிளாக்கில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியில் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு வரிசை எண்கள் ஓடுகிற புது மீட்டரை மாட்டினார்கள். மேல் வரிசை பகலுக்கு, கீழ் வரிசை இரவுக்கு. இரவு பதினொன்று ஆனால் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதிலிருந்து காலை ஏழு வரைக்கும் கரண்ட் பாதி விலை. அதற்கு ஈடாகப் பகலில் கொஞ்சம் கூடுதல். மற்ற வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் நடுராத்திரியில் துணி துவைத்துப் பார்த்தார்கள். சிக்கனமும் தூக்கமும் ஒரு பாயில் படுக்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பிரிஜட் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சிக்கனம் ஒரு சாக்குதான். தேக்கா கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ராத்திரியில் ஓடினால் பில் குறையும் என்பது உண்மை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது பகலே இல்லாத ஒரு வாழ்க்கை. அவள் புருஷன் பெர்னார்ட் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்த சேதி வந்தது காலை பத்து மணிக்கு. நல்ல வெயில். கீழே ஐஸ்காரனின் மணிச் சத்தம். அப்போது வந்து கதவைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு எந்தக் காலையையும் அவளால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி உடம்பும் மனசும் மரத்துக் கிடந்தன. படுக்கையறை ஜன்னலில் தடித்த போர்வையை ஆணியடித்து மாட்டினாள். ஏழு மணிக்கு மீட்டர் 'டக்' என்றதும் படுத்துவிடுவாள். காலை முழுக்கப் பிள்ளை கூடத்தில் தனியாக விளையாடிக்கொண்டிருக்கும். பதினொன்றுக்கு அலாரம், சோறு, தலை, சீருடை, பஸ், மறுபடி படுக்கை. பகலில் பிள்ளைக்கென்று அவள் வைத்திருந்தது அந்த ஒன்றேகால் மணி நேரம்தான்.

முடிச்சைப் பார்த்ததற்கு மறுநாள் அவள் அலாரம் வைக்கவில்லை.

மறந்துபோகவில்லை. கடிகாரத்தைக் கையில் எடுத்து, சாவியைத் திருகப் போனவள், நேற்று நடந்தது இன்றைக்கும் நடக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்து, அப்படியே கீழே வைத்துவிட்டுப் படுத்தாள். பின்னால் அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது இந்த ஒரு நிமிஷத்தைத்தான். மூன்று மணிக்கு எழுந்தபோது பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பயம் வந்திருக்க வேண்டும், வந்தது நிம்மதி. திரும்பிப் போய்ப் படுத்து ஆறரை வரைக்கும் தூங்கினாள்.

அப்படியே வாரங்கள் போயின. ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குள் ஒரு வாசனை மிஞ்சியிருந்தது: நெத்திலிச் சம்பல் வதக்கிய வாசனை, ஈரத் துணியில் இஸ்திரிச் சூடு பட்ட வாசனை, பிள்ளைக்குப் போட்ட பவுடர் வாசனை. பிரிஜட் சம்பல் வதக்கி மாசக்கணக்காகிறது, ரொட்டியும் முட்டையுமாகத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அருள்ஜோதியின் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. கன்னம் பூசினாற்போல் ஆனது. கிழிந்திருந்த சீருடை ஓரத்தை, தையல்காரியான பிரிஜட்டுக்கே வராத பொடித் தையலில் யாரோ தைத்திருந்தார்கள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, பெர்னார்ட் போனதிலிருந்து எரியாமல் கிடந்த சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வீடும் துலங்கியது, பிள்ளையும் துலங்கியது. அவள் எதையும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் மாலையில் மடியில் வந்து விழுகிற பிள்ளை, இப்போது ஏழரைக்கே பாயை விரித்துப் படுத்தது. பிரிஜட் பக்கத்தில் உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒருநாள் நெற்றியைத் தடவிவிட்டாள்.

"கை சில்லுன்னு இருக்கு," என்று அருள்ஜோதி தூக்கத்திலேயே கையைத் தள்ளிவிட்டாள்.

மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம், மீட்டர் பார்க்கிற சுப்பிரமணியம் வந்தார். அட்டையில் எண்ணை எழுதியவர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா, எல்லாம் தலைகீழா இருக்கு? மேல் வரிசை பிச்சுக்கிட்டு ஓடியிருக்கே. எல்லா வேலையும் பகல்லதான் போல."

"இல்லண்ணே, ராத்திரியிலதான் தைக்கிறேன். பகல்ல தூங்குவேன்."

"கீழ் வரிசை அப்படிச் சொல்லலையே லா." பென்சிலால் மீட்டர் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "பிரிட்ஜு ஓடுனதுதான் இதுல இருக்கு. ராத்திரியில வீட்டுல ஆளே இல்லாத மாதிரி. ஊருக்குக் கீருக்குப் போயிருந்தீங்களா?"

"மீட்டர் தப்பா காட்டுதோ என்னமோ."

"அது நல்லாத்தான்மா ஓடுது," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிரிஜட் உள்ளே வந்து தையல் பையைத் திறந்தாள். முந்தின ராத்திரி ஆறு ரவிக்கை தைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. நாலாவது ரவிக்கையில் ஊசி விரலில் ஏறி, விரலை வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சியதுகூட ஞாபகம் இருந்தது. பையில் ஆறும் வெட்டினபடியே, சாக்குக்கட்டிக் கோடு கலையாமல் கிடந்தன. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குத்தின தடம் இல்லை.

அப்போதுதான், மரத்துக் கிடந்த இத்தனை மாசத்துக்குப் பிறகு, அவளுக்குப் பயம் வந்தது. தன்னைப் பற்றி இல்லை. சுவரைப் பார்த்துத் தூங்குகிற அந்தப் பிள்ளையைப் பற்றி. கண்ணை மூடிக்கொண்டு அதை யார் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்? நாளைப் பகல் முழுக்கப் பிள்ளையோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பது, யார் வந்தாலும் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

ராத்திரி மெஷினைத் தொடவில்லை. பால் சேர்க்காத கோப்பி ஓவைக் கெட்டியாகக் கலந்து மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, பிள்ளையின் பாய்க்குப் பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று அறைக்குள் போனாள்.

'டக்' என்றது மீட்டர்.

இடுப்புக்குக் கீழே கால்கள் மரத்துப்போயின. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் செருகியது. செபமாலைச் சிலுவையை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கேட்டு விழித்திருந்தாள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக, போர்வை ஓரத்தில் ஒழுகும் வெயிலோடு சேர்ந்து, வீட்டின் பகல் ஒவ்வொரு சத்தமாக உள்ளே வந்தது: குழாய் திறக்கிற சத்தம், உரலில் மிளகாய் இடிபடுகிற சத்தம், எண்ணெயில் எதுவோ போட்டதும் எழுந்த சீற்றம், இஸ்திரிப் பெட்டி மேசையில் தட்டுகிற தட்டு, பிறகு தையல் மெஷின் நீளமாக, நிதானமாக, தடுமாறாமல் ஓடுகிற ஓட்டம். நடுவில் அருள்ஜோதி சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பத்து மணி ஆனது. அந்தப் பத்து மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை.

பதினொன்று.

மெஷின் நின்றது.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் தரையில் படுவது தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிக் கதவுக்கு வந்து, இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கூடம் முழுக்க வெயில். நாற்காலியில் ஒரு பெண் இந்தக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கால்களுக்கு நடுவில் அருள்ஜோதி. ஒரு பக்கம் பின்னி முடிந்திருந்தது. மறுபக்கத்தைப் பின்னிக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. வகிடு தெரிந்தது. வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீற்று நரை, பெர்னார்ட் செத்த மாசம் பிரிஜட்டுக்கு வந்த அதே நரை. உடுப்பு பிரிஜட்டுடையது. காலில் பிரிஜட்டின் செருப்பு, இடது வார் நீல நூலில் தைத்தது.

"அருளு," என்று கூப்பிட்டாள். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். கதவு இடுக்கை. நேராக. பயப்படவில்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக. "அது முழிச்சிருக்கு."

பின்னிய விரல்கள் நின்றன. தலை நிமிரவில்லை.

"சத்தம் போடாத லா. அதுக்கு இன்னும் நேரம் ஆகல. கதவைச் சாத்திட்டு வா."

பிரிஜட்டின் குரல்.

அருள்ஜோதி எழுந்து வந்தாள். அவிழ்ந்த பாதித் தலையோடு. கிட்டே வந்து நின்று, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள். பிரிஜட் இடுக்கு வழியாகக் கையை நீட்டினாள். பிள்ளை ஒதுங்கிக்கொண்டு, கை நசுங்காமல், பக்குவமாக அதை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே கொக்கி விழுந்தது. அந்தக் கதவுக்கு வெளியே கொக்கி கிடையாது.

தட்டினாள். சத்தம் எழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். போர்வையில் தட்டியது மாதிரி இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குக் கீழே பஸ் ஹார்ன் அடித்தது. இரும்புக் கதவு திறந்தது. சின்னச் சப்பாத்து ஓடியது.

"போயிட்டு வரேன்மா!"

பிறகு காரிடாரில் பதுருன்னிசா.

"என்ன பிரிஜட், பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

நல்ல தெளிவான குரல். சிரித்த முகத்தோடு பேசுகிற குரல்.

"இப்பதான் உன் முகத்துல களையே வந்திருக்கு. அப்படியே இரு லா."

இரும்புக் கதவு மூடியது. செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டியது. நெருங்கியது. கதவடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. இடது வாரின் நீல நூல் ஒரு பிசிராய்த் தெரிந்தது.

நிழல் நகரவில்லை.

"தூங்கு," என்றது அவள் குரல், பிள்ளையிடம் பேசுகிற பக்குவத்தோடு.

பிரிஜட் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சிலுவையை உள்ளங்கையில் வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். வலிக்கவில்லை. கண்கள் மூடிக்கொண்டன.