ஒண்ணுமில்லைனு சொன்னவன்

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் சேரன் வேலைக்குச் சேர்ந்த அன்று மத்தியானம், வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்ததும் இருட்டும் குளிரும். அழுக்குப் பிடித்த ஒற்றை பல்பு. மூக்கைக் கரிக்கும் அம்மோனியா வாடை. எங்கோ நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சறுக்குக்கு நேரா மட்டும் நிக்காத தம்பி," என்றார் கூட வேலை பார்க்கும் ராசு. மேலேயிருந்து ஐஸ் பார்கள் வழுக்கி இறங்கும் பலகையைத்தான் சறுக்கு என்றார். "சூசைராஜுன்னு ஒருத்தன் இருந்தான். பார் வந்து நெஞ்சுல இடிச்சுச்சு. ஒரு சொட்டு ரத்தமில்ல. ஒண்ணுமில்லண்ணேன்னுட்டு அந்தா, அந்தச் சாக்குக் கட்டு மேல ஒக்காந்தான். டீ வாங்கிட்டு வந்து பாக்குறேன், உசுரு இல்ல."

மூலையில் கிடந்த சாக்குக் கட்டைச் சேரன் பார்த்தான். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல நடுவில் ஒரு குழி.

அதன்பின் அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் போட்டுகள் மொத்தமாகக் கரைக்கு வந்துவிட்டன. வாசலில் மீன் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவசரத்தில் சேரன் சறுக்கின் குறுக்கே குனிந்து நிமிர்ந்தான். மேலே பாரைப் பிடித்திருந்த கயிறு நழுவியது. இறங்கி வந்த பார் நடுநெஞ்சில் மோதி அவனைச் சுவரோடு தள்ளியது.

"பலமாப் பட்டுருச்சா?" என்றார் ராசு.

"ஒண்ணுமில்லண்ணே."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

ராசு வண்டியில் ஐஸ் ஏற்ற வெளியே போனார். அந்தக் குளிரிலும் சேரனுக்கு வியர்த்து ஊற்றியது. இடது தோளிலிருந்து விரல் வரை ஒரு கனம் இறங்கியது. கைக்கு எட்டியதைப் பிடித்து உட்கார்ந்தான்.

சாக்குக் கட்டு.

பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்ததுபோல அது அமுங்கியது.

யாரும் இல்லை.

நீர் சொட்டும் சத்தம் நின்றுபோனது. காதோரம் ஒரு மூச்சு.

"நானும் ஒண்ணுமில்லைனுதான் சொன்னேன்."

சட்டைக்குள் ஐந்து விரல்கள் விரிந்தன. ஐஸைவிடக் குளிர்ந்த கை ஒன்று நெஞ்சில் பதிந்து அழுத்தியது. பயமே அவனைத் தூக்கி நிறுத்தியது. சுவரைப் பிடித்து, தவழ்ந்து, வாசல் வெயிலில் ராசுவின் காலடியில் போய் விழுந்தான்.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஹார்ட் அட்டாக். அடிபட்ட வேகத்துல இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் உள்ளாற கிழிஞ்சிருக்கும்னு தோணுது. அங்கேயே ஒக்காந்திருந்தா பொழைச்சிருக்க மாட்டாரு." உடனே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே குழாயைச் சரிசெய்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

பிழைத்து வீடு திரும்பினான். அந்தக் கை காப்பாற்றத்தான் விரட்டியதா, கூட்டிப்போகத்தான் பிடித்ததா என்று யோசிக்காத நாளில்லை. ஐஸ் கம்பெனி இருக்கும் தெருவுக்கே போவதில்லை.

நேற்று உச்சிவெயிலில் கட்டிலில் படுத்திருந்தான். மனைவி வனிதா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"வலிக்குதாங்க?"

"இல்ல."

அவள் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அடுத்த கணம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன வனிதா?"

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒரு கை இருக்குங்க," என்றாள் மெதுவாக. "நான் வைக்கவும், எடம் விட்டு நகந்துச்சு."