நாற்பத்தைந்து அங்குலச் செண்பகம்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. விளக்கைத் தூண்டிவிட வேண்டாம், இது பகலில் நடந்த கதை. முடிகிற வரைக்கும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

ஒரு தையற்காரி இருந்தாள். அவள் வீட்டில் ஒருநாள் செண்பகப்பூ மணந்தது. மணந்தால் என்ன என்கிறீர்களா? அந்த வீட்டுச் செண்பகம் அதுவரை ஒரு பூ பூத்ததில்லை.

மரம் கூடத்து ஜன்னலோரம் தொட்டியில் நின்றது. ஆறு வயது மகள் நர்சரியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. "நானா இதுவான்னு பாத்துரலாம்மா" என்று அதோடு போட்டி. மாதம் ஒருமுறை படுக்கையறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பாள். அம்மா தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு இழுப்பாள். எக்கி எக்கி நிற்பதால் அப்பா வைத்த பெயர் கொக்கு. "குதிகாலைக் கீழ வை, கொக்கு" என்று அதட்டாமல் ஒரு கோடும் விழுந்ததில்லை. கடைசிக் கோடு நாற்பத்தைந்து அங்குலம். அந்த வாரமே காய்ச்சல். நாலாம் நாள் குழந்தை இல்லை.

மரம் மட்டும் வளர்ந்தது. அது நாற்பத்தைந்தைத் தாண்டிய அன்று, தையற்காரி துணி வெட்டும் கத்தரியால் நுனியை நறுக்கினாள். மூன்று வருஷமாக அப்படித்தான். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். தொட்டிக்கடியில் தண்ணீர் தேங்க விடமாட்டாள். ஒருபக்கமாகச் சாயாமலிருக்க, வாரம் ஒரு தடவை வெளிச்சத்துக்குத் திருப்பி வைப்பாள். பிறகு டேப்பை எடுத்து அளந்து, மிஞ்சியதை வெட்டுவாள்.

"வெட்டிக்கிட்டே இருந்தா எங்கேருந்து பூக்கும்? வளர விடேன் அதை" என்றார் வீட்டுக்காரர்.

"எதுவரைக்கும்? சீலிங்க முட்டவா?"

"முட்டுச்சுன்னா வெளிய வைப்போம். அது மரம்மா. நம்ம கொக்கு இல்ல."

அவள் டேப்பை நாற்பத்தைந்தில் பிடித்தாள். அந்த உயரத்தைக் கட்டிக்கொண்டுதான் அவள் கைகளுக்குப் பழக்கம்.

மழை மூட்டம் கவிந்த அந்தப் பிற்பகலில் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்க, மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் அந்த மணம் வரவும் கால்களை நிறுத்தினாள். காலையில் வெட்டிய கிளையில் மூக்கை வைத்தால் பச்சைச் சாற்றின் கசப்பு வாடைதான் வந்தது. பூவாசனையோ படுக்கையறைப் பக்கமிருந்து, அதுவும் அவள் தலைக்கு மேலேயிருந்து, யாரோ மூச்சுவிடுவதுபோல விட்டு விட்டு இறங்கியது.

கத்தரியும் டேப்புமாக அங்கே போனாள். கதவு நிலை ஈரமாக இருந்தது.

நாற்பத்தைந்துக்கு மேலே ஒரு கோடு. பென்சில் இல்லை. நகத்தால் கீறியதுபோல, பச்சையாக. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே. அவள் எத்தனை முறை வெட்டினாளோ அத்தனை கோடுகள். கடைசிக் கோட்டில் சாறு இன்னும் காயவில்லை.

டேப்பைப் பிடித்தாள். அறுபது அங்குலமும் தீர்ந்தது. கோடுகள் தீரவில்லை. அவள் உச்சந்தலையைத் தாண்டி, நிலையின் மேல்கட்டை வரைக்கும்.

கத்தரி கைநழுவி விழுந்தது.

அதை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

நிலையை ஒட்டி இரண்டு பாதங்கள். ஆறு வயதுப் பாதங்கள். விரலிடுக்கில் தொட்டி மண்.

அவள் மேலே பார்க்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"குதிகாலைக் கீழ வை, கொக்கு."

சீலிங்குக்கு அருகிலிருந்து, அதே கீச்சுக் குரல்.

"கீழதாம்மா வச்சிருக்கேன்."

பிறகு ஒரு முறிகிற சத்தம். இன்னொன்று. அவள் வெட்டிய இடம் ஒவ்வொன்றிலும் மடிந்து, மடிந்து, அம்மா கட்டிக்கொள்ள வாகாக, அது நாற்பத்தைந்து அங்குலத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது.

அவள் கைகள் விரிந்தன.

கண்ணுகளா, உங்கள் வீட்டு நிலையில் கோடுகள் மேலே மேலே ஏறட்டும். உங்கள் பிள்ளைகள் நிலை இடிக்க வளர்ந்து, தலை குனிந்து உள்ளே வந்து, "சாப்டியாம்மா" என்று கேட்கட்டும்.