நீரியலுக்கு முன் ஒரு சண்டை

தவசீலன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி, பொங்குவதற்கு முன் அடுப்பை அணைத்தான். காபி குடித்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பேருந்து வந்தது. ஏறினான்.

உள்ளே வழக்கம்போல் மாணவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உன் கவிதையெல்லாம் குப்பைடா. பாவம்னு நல்லாருக்குன்னு சொன்னேன்.”

“நீ பாடுறத விடவா? உன் பாட்டக் கேட்டுத்தான் உங்க வீட்டு நாயே ஓடிப்போச்சு.”

“நாயப் பத்திப் பேசாத!” முதலில் பேசியவன் குரல் நிஜமாகவே உடைந்தது.

“ஆங், இது போதும். பதியம் நல்லாப் புடிக்கும்,” என்றார் நடத்துனர். “டிக்கெட் எடுத்துட்டு அழுங்கப்பா.”

பதியக்கூட்டைத் தலையில் கவிழ்த்தால், எழுவதற்குள் ஒரு முழுப் பாடம் மூளையில் வேர்விட்டிருக்கும். ஆனால் வேர்விட மண் வேண்டும். அண்மையில் அழுத்தமாக விழுந்த நினைவுதான் அந்த மண். கூடு அப்படிப்பட்ட ஒன்றைத் தேடிப் பிடித்து அதன்மேல் பாடத்தை ஊன்றும். அடியில் இருந்தது போய்விடும். முதலில் படித்தவர்கள் தங்கள் கல்யாண நாளை இழந்தார்கள், பிள்ளை பிறந்த பொழுதை இழந்தார்கள். பிறகு மாணவர்களே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். பதியத்தன்று காலையில் வேண்டியவர் ஒருவருடன் வலிக்கும்படி ஒரு சண்டை. அதைக் கூட்டுக்குக் கொடுத்துவிடலாம். எதிரே நின்று சண்டை போட்டவர் காப்பாளர். சண்டையை அவர் நினைவில் வைத்திருந்து மாலையில் சொல்லிக் காட்டுவார். இருவரும் சிரிப்பார்கள்.

சமுதாயக் கல்லூரியில் தவசீலன் மூன்று கட்டாயப் பாடங்களை முடிக்க வேண்டும். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். பதியம் போட்ட பாடம் பயன்படுத்தாவிட்டால் வாடிவிடும். பல்கலைக்கழக வாசலில் மூன்றும் பச்சையாக இருக்க வேண்டும். அதனால் நெடுநாள் நிற்கும் கணிதம் முதலில், பொருள்வலிமை அடுத்து, சீக்கிரம் வாடும் நீரியல் கடைசியில். இந்த வரிசையை அவனும் அவன் மனைவி இந்துஜாவும் சேர்ந்து போட்டார்கள். ஒரே வகுப்பு. ஒரே வரிசை. நீரியலை முதலில் அவள் முடிப்பது, அடுத்த வாரம் அவன்.

எட்டு மாதங்களுக்கு முன், நீரியல் பதியத்துக்குக் கிளம்பிய அவளுடைய வண்டியைப் பாலத்தில் ஒரு தண்ணீர் லாரி இடித்தது. அவள் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை.

கல்லூரியில் கால ஆலோசகர் நஸ்ரின் அவனைப் பார்த்ததும் திரையைத் திருப்பிக் காட்டினார். எந்தப் பாடத்தை எப்போது ஊன்றுவது என்று சொல்வது அவர் வேலை.

“கணக்கு ஓரம் காய ஆரம்பிச்சிருச்சு தவசீலன். இன்னைக்கு நீரியல் போட்டாத்தான் மூணும் ஒண்ணா நிக்கும். விட்டா முதல்லேர்ந்து.”

“தெரியும் மேடம்.”

“மண்ணுக்கு என்ன செஞ்சீங்க?”

“பொருட்காட்சியில ராட்டினம் ஏறினேன். மூணு தரம்.”

“பயந்தீங்களா?”

“இல்ல.”

“யார்கூடயாவது சண்டை?”

“மச்சான் வந்து திட்டிட்டுப் போனாரு. நிறைய பேசினாரு. எனக்கு ஒண்ணும் ஆகல.”

நஸ்ரின் பெருமூச்சு விட்டார். “எட்டு மாசமா உங்க தலையில புதுசா எதுவுமே விழல. எல்லாம் தரிசு. ஒரே ஒரு இடந்தான் இன்னும் ஈரமா இருக்கு.” திரையில் அந்த இடம் பச்சையாக மின்னியது. “கூடு நேரா அங்கதான் போகும்.”

அது இந்துஜா கிளம்பிய காலை என்று அவனுக்குத் தெரியும்.

“அது சண்டைதானே?” அவர் குரலைத் தாழ்த்தினார். “அழிக்கிறதுக்குன்னே போட்ட சண்டை. கடைசியா கேட்டது அந்தப் பேச்சுத்தான்னு ஏன் சுமந்துட்டுத் திரியணும்? எழுதி வச்சுட்டு வாங்க.”

எழுதி வைத்தவர்களை அவனுக்குத் தெரியும். பதியம் முடிந்தபின் தங்கள் எழுத்தையே அடுத்த வீட்டுச் செய்திபோல் படிப்பார்கள்.

இருந்தும் அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். பல்கலைக்கழகம் அவர்கள் இருவருடைய ஆசை. ஒருவராவது போக வேண்டும். உதவியாளர் நெற்றியில் பசை தடவினார். கூடு தலைக்குமேல் இறங்கி நின்றது.

“வழக்கமான கேள்விதான்,” என்றார் உதவியாளர். “உங்க காப்பாளர் யாரு?”

“இல்ல.”

“அப்ப இந்தச் சண்டைய யாரு வச்சிருக்கா?”

தவசீலன் யோசித்தான். அந்தச் சண்டை அவனுடைய பதியத்துக்காகப் போட்டதல்ல.

“நான்தான்,” என்றான். “இது அவ சண்டை. நான் காப்பாளர்.”

உதவியாளருக்குப் புரியவில்லை. தவசீலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வெளியே நஸ்ரின் எழுந்து நின்றார். திரையில் கணிதத்தின் ஓரம் பழுத்திருந்தது. இனி முதலிலிருந்து. புது மண் என்றைக்கு விழும் என்று எந்தத் திரையும் சொல்லாது.

திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு சொல்லும் விடாமல், இந்துஜா கிளம்பிய காலையை முதலிலிருந்து மனதில் ஓட்டினான்.

அவன்தான் ஆரம்பித்தான். “நீ வாங்கித் தந்த சட்டை ஒண்ணக்கூட நான் புடிச்சுப் போட்டதில்ல.”

“உன்கூட பஸ்ல போறதுக்கு ஒரு மூட்டை வெங்காயத்தோட போலாம். அதாவது பேசாம வரும்.”

“வெங்காயம் உன்ன அழ வைக்கும்.”

“நீ மட்டும் என்ன பண்ற?”

அத்தோடு விளையாட்டு நின்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து யாரும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அவள் அழுதாள். அவன் தட்டை எறிந்தான். பிறகு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், முகத்தைக் கழுவினாள், வண்டிச் சாவியை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

“சாயங்காலம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நீ வச்சிரு.”