வீட்டில் ஊமை, பட்டறையில் பாடகன்

பட்டறைக் கதவு பாதிதான் திறந்திருந்தது. அதற்குள் நர்ஸம்மா நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒயரக்கா, என் வீட்டுக்குள்ளயே யாரோ வேலை காட்டறாங்க."

ஒயரக்கா வண்டிகளின் மின்சாரக் கோளாறு பார்ப்பவள். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் ஒயரக்காதான். நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு அவள் நிமிரவில்லை. அவள் புருஷன்தான் நிமிர்ந்தார். நூலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தோரு வருஷம் துப்பறியும் கதைகளாகவே படித்துத் தள்ளியவர். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கம் இருந்ததால், இதுவரை ஒரு குற்றவாளியைக்கூடத் தானாகக் கண்டுபிடித்ததில்லை. இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

விஷயம் இதுதான். நர்ஸம்மாவின் கணவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஐந்து மாதம் முன் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து பேச்சில்லை. வீட்டுக்குத் திரும்பிய நாள் முதல், தினமும் காலை ஆறரைக்கு நர்ஸம்மா அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து ஓடவிடுவார். அந்தச் சத்தம் கேட்டால் மாஸ்டரின் பாதி வாய் சிரிக்கும். அவர் சிரிப்பது அதற்கு மட்டும்தான்.

"ரெண்டு மாசமா வண்டி வீட்டுல ஸ்டார்ட் ஆகறதில்ல. பெரிய பட்டறைக்கு வேன்ல ஏத்திட்டுப் போனா முதல் உதையிலயே பாடுது. அவங்க காயில் மாத்தினாங்க, பிளக் மாத்தினாங்க. ஓட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவாங்க. மறுநாள் காலைல ஊமை. இதே மாதிரி மூணு தடவை."

"யார் மேல சந்தேகம்?" என்றார் நூலகர், பென்சிலை நாக்கில் தொட்டு.

நர்ஸம்மா தயங்கினார். "எங்கண்ணன். பழைய வண்டிகளக் காட்சிக்கு வைக்கற அவரோட கண்ணாடி மண்டபத்துக்கு இந்த வண்டியக் கேக்கறார். தினமும் நான் உதைக்கறதும், ஓடலைன்னு எங்க வீட்டுக்காரர் கண் கலங்கறதும்... ஏம்மா மனுஷன வதைக்கறேங்கறார் அண்ணன். எனக்கும் தாங்கல. இன்னிக்கு மதியத்துக்குள்ள ஓடலைன்னா எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன். பன்னெண்டு மணிக்கு வேன் வருது."

நூலகருக்கு அந்த வண்டியை நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் தெருவுக்கே அதுதான் கடிகாரம். அந்தச் சத்தம் முனை திரும்பினால் அடுப்பில் பால் ஏறும். சட்டைப் பொத்தான் போடாத பிள்ளைகள் மதிலுக்குப் பின்னால் பதுங்கும். பின்சீட்டில் வெள்ளைச் சேலையில் ஒருக்களித்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸம்மாவைப் பார்த்து, கலியாணம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நூலகர் நினைத்ததுண்டு. அவருக்கு வாய்த்தது சைக்கிள்தான்.

"என்னங்க, கனவு போதும். பையை எடுங்க," என்றாள் ஒயரக்கா.

வீட்டு வாசலிலிருந்து உள்ளே போகும் நடை குறுகலானது. வலப்பக்கச் சுவரை ஒட்டி வண்டி நின்றது. முகம் தெருவைப் பார்த்து, ஹேண்டில் இடப்பக்கம் முழுக்க ஒடித்து. எதிர்ச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ரப்பர் உரசிய கறுப்புக் கோடுகள். நடையின் முடிவில் சக்கர நாற்காலியில் மாஸ்டர்; கண் மட்டும் வண்டிமேல்.

ஒயரக்கா ஹார்னை அழுத்தினாள். அலறியது. விளக்கைப் போட்டாள். எரிந்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் சாய்த்து வைத்து, "உதைங்க," என்றாள். நூலகர் உதைத்தார். பிளக்கில் ஒரு பொறிகூட இல்லை.

"பாட்டரியத் திருடிட்டாங்க," என்றார் நூலகர்.

"ஹார்ன யாரு ஊதினது, உங்க தாத்தாவா?" பிளக்கை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நர்ஸம்மா, நாற்காலி எப்ப வந்தது?"

"ரெண்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் உள் ரூம்ல படுக்கைலதான்."

"அதுக்கு முன்னாடியும் வண்டி இப்படித்தான் நிக்குமா?"

"இல்ல, ஹேண்டில் நேரா இருக்கும். நாற்காலி போக இடம் வேணுமே. அதான் ஒடிச்சு ஒதுக்கி வெச்சோம்."

ஒயரக்கா வண்டியின் கழுத்தருகே குனிந்தாள். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது.

பன்னிரண்டு அடிப்பதற்குள் வேனும் அண்ணனும் ஒரு புகைப்படக்காரரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன், பழைய வாகனப் பாதுகாப்புப் பேரவையின் தலைவர். பேரவையில் உறுப்பினர் ஏழு பேர். அதில் ஆறு பேருக்குப் பதவி உண்டு. ஏழாமவர் கோபித்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவதில்லை.

"இயந்திரங்களுக்கும் ஓய்வு வயது உண்டு," என்று தலைவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"இருங்கய்யா, உங்களயும் வெச்சுத்தான் சொல்லணும்," என்றாள் ஒயரக்கா. "இந்தத் தகடு எப்ப மாட்டினது?"

"வண்டியின் பொன்விழாவுக்கு. சரியாக இரண்டு மாதம். என் கையாலேயே முடுக்கினேன்."

தகட்டில் வண்டியைப் பற்றி ஒரு வரி இருந்தது. தலைவரைப் பற்றி ஐந்து வரி இருந்தது.

நூலகருக்குப் பொறுக்கவில்லை. "அப்ப இவர்தான் குற்றவாளி."

"ஆமாங்க. ஆனா அது அவருக்கே தெரியாது," என்றாள் அவள். "நர்ஸம்மா, வண்டிய எப்படி அணைப்பீங்க?"

"சாவியத் திருப்பி."

"நம்ம வீட்டு லைட்டுன்னா சுவிட்ச் போட்டா கரண்ட் அறுந்துடும். இந்த வண்டில அப்படி இல்ல. சாவியத் திருப்பினா ஒரு ஒயர் போய் இரும்பத் தொடும். தொட்டதும் பிளக்குல பொறி செத்துடும். அந்த ஒயர் எங்க, எப்படித் தொட்டாலும் வண்டி அணைஞ்சதாத்தான் அர்த்தம். ஹார்னுக்கும் விளக்குக்கும் வேற வழி. அதனால அது ரெண்டும் நல்லா இருக்கு."

"சரி, யாரு தொட வைக்கறா?" என்றார் நூலகர்.

"இந்தத் தகட்டுக்கு அரை அங்குல ஸ்க்ரூ போதும். தலைவர் ரெண்டங்குலம் போட்டிருக்கார்."

புகைப்படக்காரர் இருமினார். தலைவருடைய பேச்சுகளை முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"ஸ்க்ரூ முனை கழுத்துக்குள்ள போய் அந்த ஒயரோட தோல உரிச்சிருக்கு. ஹேண்டில் நேரா இருந்தா ஒயர் ஸ்க்ரூவத் தொடாது. இடப்பக்கம் முழுக்க ஒடிச்சா தொடும். பட்டறைல நடு ஸ்டாண்டு போட்டு ஹேண்டில நேரா வைப்பாங்க, பாடும். ரோட்டுல யாரும் இவ்வளவு ஒடிக்கறதில்ல, ஓடும். இங்க வந்ததும் நாற்காலிக்கு வழிவிட்டு ஒடிப்பீங்க. வண்டி ஊமை. தகடு மட்டும் இருந்து நாற்காலி இல்லேன்னா ஓடியிருக்கும். நாற்காலி மட்டும் இருந்து தகடு இல்லேன்னாலும் ஓடியிருக்கும்."

"கதை நன்றாக இருக்கிறது," என்றார் தலைவர். "ஆனால் நிரூபணம்?"

ஒயரக்கா ஹேண்டிலை நேராக்கி ஓர் உதை உதைத்தாள். நடை முழுக்க அந்தப் பழைய சத்தம் நிரம்பியது. இடப்பக்கம் மெல்ல ஒடித்தாள். கடைசி விரற்கடையில் வண்டி வாயை மூடிக்கொண்டது. தலைவர் தகட்டில் தம் பெயரையே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார், அதில் ஏதோ பிழை இருப்பதுபோல.

தகடு கழன்று அவர் கைக்கே போனது. ஒயரக்கா ஒயரில் டேப் சுற்றி, ஹேண்டிலை மறுபடி இடப்பக்கம் முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, "இப்ப உதைங்க," என்றாள் புருஷனிடம்.

நூலகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளிர்ந்த வண்டியை எழுப்ப மட்டும் திறக்கவேண்டிய சோக்கையும் திறந்துவிட்டு உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது. புகை நடையில் சுருண்டது. வேன்காரர் எட்டிப் பார்த்து, தனக்கு இங்கே வேலையில்லை என்று புரிந்து போய்விட்டார். நர்ஸம்மா வண்டியைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தார்.

மாஸ்டரின் பாதி வாய் சிரிக்கவில்லை. கோணியது. நெற்றி சுருங்கியது. நல்ல கை நாற்காலிப் பிடியிலிருந்து எழும்பி நூலகரை நோக்கி நீண்டது.

"சோ..." என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். "சோக்கு... மூடு. மடையா."

நூலகர் பதறிப்போய் குனிந்து சோக்கை மூடினார். கரகரத்துக்கொண்டிருந்த வண்டி, ஆறரை மணிச் சத்தத்துக்கு இறங்கிச் சீராக ஓடியது.

"யாரைப் பார்த்துச் சொல்கிறார்?" என்றார் தலைவர், ஓரடி பின்வாங்கி.

"எல்லாரையும்தான்," என்றார் நர்ஸம்மா. சிரிப்பை அடக்க முந்தானையை எடுத்தவர், அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷமா அப்படித்தானே."