முப்பதாவது வரி

பீன்யா தொழிற்பேட்டையில் அந்தப் பட்டறைக்கு நிருபமா போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வந்த வேலை சின்னதுதான். பிரஸ் மெஷினின் திரையில் கர்சர் தானாகவே கீழே இறங்கி, கடைசி வரியில் நின்று துடிக்கிறதாம். பழைய சி புரோகிராம். சரிசெய்ய வேண்டும்.

அந்த மெஷினுக்குள்தான் போன மாதம் லாயிட் நசுங்கிச் செத்தான். தகட்டை அழுத்தும் அச்சான டையைத் துடைக்க உள்ளே குனிந்திருந்தபோது பரத் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டான். உள்ளே ஆள் இருந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வரும், பரத்தான் பார்க்கவில்லை என்று மேனேஜர் ரங்கநாதன் போலீசில் சொல்லியிருந்தார். திரை காலியாக இருந்தது என்று பரத் கதறியதை யார் கேட்டார்கள்? செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

நிருபமா புரோகிராமைத் திறந்தாள். எச்சரிக்கையை எழுதும் கட்டளை அப்படியே இருந்தது. அதற்கு முன்னால், கர்சரை நகர்த்தும் கட்டளையை இரண்டு தடவை படித்தாள்.

திரையில் இருப்பது இருபத்தைந்து வரி. கர்சரை அனுப்பியிருந்தது முப்பதாவது வரிக்கு.

கர்சர் கடைசி வரியில் முட்டி நிற்கும், எழுத்து திரைக்கு வெளியே போய்விடும். இல்லாத வரியில் எழுதினால் யார் கண்ணில் படும்?

கேட்டதற்கு ரங்கநாதன் மறைக்கக்கூட இல்லை. அடிக்கடி எச்சரிக்கை வந்து வேலை நிற்கிறதென்று அவர்தான் மாற்றச் சொன்னாராம்.

"கர்சர மட்டும் பாருங்கம்மா. மிச்சமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆத்திரத்தில் அவள் முப்பதை இருபத்தைந்தாக்கி ஓட்டினாள்.

கர்சர் இறங்கியது.

நின்றது.

'ஆள் உள்ளே.'

இன்னும் அதே மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பரத் குனிந்து பார்த்தான். யாருமில்லை. சென்சாரில் அழுக்கு, துடை என்றார் ரங்கநாதன். துடைத்துவிட்டுத் தள்ளி நின்றான். எழுத்து போகவில்லை. கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே சோம்பு மணத்தது. லாயிட் ஓயாமல் மெல்லுவது சோம்புதான்.

உள்ளே, துணியால் இரும்பைத் தேய்க்கும் சத்தம்.

"லாயிட் அண்ணா இன்னும் வெளிய வரல மேடம்," என்று பரத் கிசுகிசுத்தான்.

மறுவாரம் பரத்தைப் போலீஸ் கூட்டிப்போனது. நிருபமா ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஆதாரம் கேட்டார்கள். அதற்குள் ரங்கநாதன் வேறொருவரை வைத்து அந்த இரண்டு கட்டளைகளையும் அழித்துவிட்டிருந்தார்.

எச்சரிக்கை இப்போது புரோகிராமிலேயே இல்லை. திரையின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

கடைசி வரியில் கர்சர் துடிக்கிறது. அதன் பக்கத்தில், 'ஆள் உள்ளே.'