'சொல்ல மாட்டேன்' - இருபத்தாறு சதவீதம்!

"இந்த 'சொல்ல மாட்டேன்' கட்டம் எதுக்கு? வெட்டியா ஒரு வரி."

"விஷயமே அதுலதான் மேடம் இருக்கு. பிடிக்கலைன்னா ஜனங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. பிடிச்சிருக்குன்னு சொல்லத்தான் பயப்படுவாங்க."

"அனுபவமோ?"

"நாலு வருஷ அனுபவம்... மேடம், உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

"கேள்வித்தாள்ல இருக்கா?"

"இல்ல..."

"அப்ப கேக்கக் கூடாது. ஆபீஸ் ரூல்!"

போன வாரம், இதே மேஜையில் அவளுக்கும் அவனுக்கும் நடந்த பேச்சு. அவன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

இன்று அவன் ஆஸ்பத்திரியில்... நினைவில்லாமல்!

காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் படிக்கட்டில் ஓர் அலறல். பெருக்க வந்த அக்காதான் முதலில் பார்த்தாள். மாடிப்படியின் அடியில் அவன் கிடந்தான். தலையைச் சுற்றி ரத்தம். பக்கத்தில், நூல் போட்டுக் கட்டிய இருநூறு படிவங்கள்.

அது கருத்துக்கணிப்பு ஆபீஸ். வரப்போகும் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சிக்கு எவ்வளவு ஓட்டு என்று வீடு வீடாகக் கேட்டு வந்தவர்களுக்கு அவன்தான் மேற்பார்வை. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'பூட்டு' என்றால்தான் தெரியும். பூட்டிக் கிடந்த வீட்டையெல்லாம்கூட ஒன்று விடாமல் எழுதி வருவதால் வந்த பட்டம்.

அவள், எண்ணிக் கூட்டுகிறவள். ஆபீஸுக்கு அவள் 'புள்ளி'.

மணி மூன்று. நான்குக்கு டி.வி.க்காரர்களுக்குக் கணிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா... முடிஞ்சுதா?"

"எதிர்க்கட்சி ஐம்பத்திரண்டு. ஆளுங்கட்சி நாற்பத்துமூணு. மீதி உதிரி."

"பிரமாதம்!"

முதலாளியின் பின்னால் நின்றவர் கைதட்டினார். எதிர்க்கட்சியின் தேர்தல் பொறுப்பாளர். காலை பதினொன்றிலிருந்து ஆபீஸிலேயே பழியாய்க் கிடக்கிறார். கணிப்புக்குப் பணம் அவர் கட்சியுடையது. இந்தத் தடவையும் தோல்வி முகம் என்றால், பதவி போய்விடும் என்று ஊருக்கே தெரியும்.

புள்ளி நிமிரவில்லை. விரல் ஒரு தாளின் மேல் நின்றுவிட்டது.

கட்டை முதலிலிருந்து மறுபடி புரட்டினாள்.

"சார்... இது பொய்க் கணக்கு."

"என்ன உளர்ற?"

"இருநூறு கதவு தட்டியிருக்காங்க. இருநூறும் திறந்திருக்கு! மத்தியான நேரத்துல ஒரு வீடுகூடவா பூட்டியில்ல? 'சொல்ல மாட்டேன்'னு ஒருத்தர்கூடவா சொல்லல?"

முதலாளியின் முகம் இருண்டது.

"அப்ப பூட்டுதான் வீட்ல உக்காந்து எழுதியிருக்கான்! மாட்டிக்குவோம்னு பயந்து தானே குதிச்சிருப்பான்."

"அதேதான்!" என்றார் பொறுப்பாளர். "போலீஸ்ல சொல்லுங்க. ஆனா நம்பர் நம்பரா போகட்டும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவன் மேலா பழி? கண் விழிக்கும்போது போலீஸ்தானா நிற்க வேண்டும்?

"படிவத்துல நம்பர் கொடுத்தவங்களுக்கு சரிபார்ப்பு போன் பண்றேன் சார்."

"அது எப்பவும் மறுநாள்தானேம்மா?" பொறுப்பாளரின் குரல் சட்டென்று உயர்ந்தது.

'இவருக்கு எப்படித் தெரியும்?'

கைபேசி எண் எழுதியிருந்த ஆறு படிவங்களில் ஒன்றை உருவினாள். முப்பத்தொன்றாம் எண் வீடு. தையல் வேலை. பெண். வயது நாற்பத்தாறு. கீழே கைபேசி எண்.

அழுத்தினாள்.

ஒரு விநாடி...

இரண்டு விநாடி...

ட்ரிங்... ட்ரிங்!

அறைக்குள்ளேயே அடித்தது!

பொறுப்பாளர் இடுக்கியிருந்த தோல் பைக்குள்!

"தையல்காரம்மா பைக்குள்ளயா சார் குடியிருக்காங்க?"

அவர் கதவை நோக்கிப் பாய்ந்தார். பெருக்குகிற அக்கா விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினாள். மனிதர் குப்புற விழுந்தார். பை வாயைப் பிளந்தது.

ஆறு கைபேசிகள். கூடவே... நூல் போட்டுக் கட்டிய இன்னொரு இருநூறு படிவங்கள்!

"தள்ளணும்னு நினைக்கல..." தரையிலிருந்தே புலம்பினார். "படிவக் கட்டை மாத்திக்கலாம்னுதான் பிடுங்கினேன். விடமாட்டேன்னு இழுத்தான்... படி தவறிட்டான். நாளைக்கு எடுத்துப் பதில் சொல்ல, போனை எங்க ஆளுங்ககிட்ட சாயங்காலம் கொடுக்கறதா இருந்தேன். நீ இன்னிக்கே அடிப்பேன்னு யார் கண்டா!"

போலீஸ் வரும்வரை புள்ளி சும்மா இருக்கவில்லை. நிஜப் படிவங்களை எண்ணினாள். இருநூறு படிவம் போக, தட்டிய கதவுகளின் பட்டியலில் பூட்டிய வீடு மட்டும் எழுபது! அவன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கரித்தது.

கூட்டி முடித்தவள் திகைத்துப்போய்ப் பொறுப்பாளரைப் பார்த்தாள்.

"சார்... ஆளுங்கட்சி நாற்பத்தொண்ணு. நீங்க முப்பத்துமூணு."

"பாத்தியா! தோல்வி!"

"இருங்க. 'சொல்ல மாட்டேன்' இருபத்தாறு. போன தடவை இதே தொகுதியில வெறும் நாலு! இடைத்தேர்தல்னா தெரு முழுக்க ஆளுங்கட்சி ஆளுங்க நிப்பாங்க. அவங்களுக்கு ஓட்டுப் போடறவன் எதுக்கு சார் வாயை மூடிக்கணும்?"

பொறுப்பாளரின் வாய் மெல்லத் திறந்தது.

"முப்பத்துமூணும் இருபத்தாறும் கூட்டுங்க. ஐம்பத்தொன்பது! இப்ப இந்த ஒரு தொகுதி போனாலும் போகும். பயம் விட்டதும், பொதுத்தேர்தல்ல அத்தனையும் உங்க பக்கம்தான் சாயும். நீங்க ஐம்பத்திரண்டுதானே எழுதினீங்க? உங்க பொய்யை விட நிஜம் பெரிசா இருந்துச்சு சார்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்துத்தான் விலங்கு மாட்டினார்.

மாலை ஐந்தரை. ஆஸ்பத்திரி.

தலையில் பெரிய கட்டு. கண்கள் மட்டும் திறந்திருந்தன. நர்ஸ் "அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு நகரவே இல்லை.

"மேடம்... எண்ணிட்டீங்களா?"

"உயிரோட இருக்கோமான்னு பாக்காம எண்ணிக்கையைக் கேக்கறீங்க! எண்ணியாச்சு. உங்க பேர்ல ஒரு கறை இல்ல. போதுமா?"

அவள் குரல் உடைந்தது. அவன் அதைக் கவனித்துவிட்டான்.

"அப்ப... அந்தக் கேள்வி. கேள்வித்தாள்ல இல்லாதது..."

"கேளுங்க. இன்னிக்கு ரூலுக்கு லீவு."

நான்கு வருடம் தொண்டையிலேயே நின்றது. ஒரே மூச்சில் வந்தது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

புள்ளி ஜன்னலைப் பார்த்தாள். மருந்துச் சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன்!"

தையல் பிரிகிற அளவுக்கு அவன் சிரித்தான்.

"சிஸ்டர்... பெரிய மெஜாரிட்டியில ஜெயிச்சுட்டேன்!"